ஹெச்ஆர் டெஸ்ட்டும் கிளி ஜோசியமும்

அன்புள்ள அண்ணா,

ஓசூர்ல ஒரு கம்பெனில வேலை பாக்குறேன். போன மாசம் எங்க டீமுக்கு பர்சனாலிட்டி டெஸ்ட் வச்சாங்க, நாலு எழுத்துல ரிசல்ட் வரும்ல, அதுதான். எனக்கு ஐஎன்எஃப்ஜேன்னு வந்துச்சு. கூடவே ரெண்டு பக்க ரிப்போர்ட். படிச்சா அப்படியே நான்தான், புல்லரிச்சுப் போச்சு. மனைவிகிட்ட காட்டினா, "இதுக்கு கோயில் வாசல்ல கிளிகிட்ட சீட்டு எடுத்திருக்கலாம்"னுட்டா. சைக்காலஜி சயின்ஸ், அதையும் ஜோசியத்தையும் ஒண்ணாப் பேசாதேன்னு சண்டை போட்டேன். உடனே அவ, சைக்காலஜி ஆராய்ச்சில பாதிக்கு மேல திரும்பச் செஞ்சுபாத்தா வரலைன்னு ஒரு செய்தியைத் தேடி எடுத்து நீட்டிட்டா. நீங்களே சொல்லுங்க, அது சயின்ஸா இல்லையா?

ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள தம்பி,

இந்தச் சண்டையில நான் உங்க வீட்டுக்காரம்மா கட்சி. ஆனா அவங்க சொன்ன ரெண்டு விஷயத்தையும் அவங்களுக்கு முன்னாடியே சைக்காலஜிக்காரங்களே சொல்லிட்டாங்க, அதனால ஒரு வகையில நீங்களும் ஜெயிச்சுட்டீங்க.

முதல்ல அந்தப் புல்லரிப்பு. 1948ல அமெரிக்காவுல பெர்ட்ரம் ஃபோரர்னு ஒரு சைக்காலஜி வாத்தியார் தன் கிளாஸ் பசங்க 39 பேருக்கு ஒரு பர்சனாலிட்டி டெஸ்ட் வச்சாரு. ஒரு வாரம் கழிச்சு ஆளுக்கொரு ரிப்போர்ட், மேல அவங்கவங்க பேரு. எவ்வளவு சரியா இருக்குன்னு 5க்கு மார்க் போடச் சொன்னாரு. சராசரி 4.26 வந்துச்சு. அப்புறம்தான் விஷயத்தை உடைச்சாரு, 39 பேருக்கும் குடுத்தது ஒரே ரிப்போர்ட், அதுல முக்காவாசி வரி பெட்டிக்கடையில விக்கிற ஜோசியப் புஸ்தகத்துல இருந்து எடுத்தது. மத்தவங்க உங்களை விரும்பணும்னு ஆசைப்படுறீங்க, வெளிய திடமா தெரிஞ்சாலும் உள்ளுக்குள்ள கவலைப்படுறவர் நீங்க, இந்த மாதிரி. எவன்தாங்க இல்ல? எங்க தெரு இஸ்திரிக்காரர்ல இருந்து கலெக்டர் வரைக்கும் பொருந்தும். உங்க ரெண்டு பக்கத்துல இப்படி எத்தனை வரின்னு ஒரு பேனாவை வச்சு அடிக்கோடு போட்டுப் பாருங்க.

"அப்படியே சொல்லிட்டாங்க"ங்கிற அந்த உணர்ச்சியையே ஆதாரமா எடுத்துக்கமாட்டேன்னு ஒருத்தன் சொல்ற இடத்துலதான் சயின்ஸ் ஆரம்பிக்குதுன்னு நான் நினைக்கிறேன். ஜோசியர் பொழைக்கிறதே அந்த உணர்ச்சியை நம்பித்தான். ஃபோரர் அதையே எடுத்து அளந்து காட்டிட்டாரு.

உங்க நாலெழுத்து டெஸ்ட்டை உருவாக்கினவங்க கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ்னு ஒரு அம்மாவும் பொண்ணும், ரெண்டு பேருமே முறையா சைக்காலஜி படிச்சவங்க கிடையாது. படிக்கலைங்கிறது பெரிய குத்தமில்ல. சிக்கல் வேற இடத்துல இருக்கு, ஒவ்வொரு குணத்துக்கும் நடுவுல ஒரு கோட்டைப் போட்டு இந்தப் பக்கம் இருந்தா ஒரு எழுத்து, அந்தப் பக்கம்னா இன்னொரு எழுத்துன்னு பிரிக்கிறாங்க, ஆனா நிறையப் பேர் நிக்கிறது அந்தக் கோட்டுக்குப் பக்கத்துலதான், அதனால சில வாரம் கழிச்சு அதே டெஸ்ட்டை எழுதினா கணிசமான பேருக்கு ஒரு எழுத்தாவது மாறிடுது. காலையில 70 கிலோ சாயங்காலம் 50 கிலோ காட்டுற தராசை நம்பி யாராச்சும் கத்திரிக்காய் வாங்குவாங்களா? இந்தக் கேள்வியை விடாம கேக்குறதும் சைக்காலஜிக்காரங்கதான், ஹெச்ஆர் காதுல அது விழுறதில்லை, அவ்வளவுதான்.

அடுத்து அந்தச் செய்தி. அது 2015ல வந்த ஆய்வு. பெரிய ஜர்னல்கள்ல வந்த 100 ஆராய்ச்சியை வேற வேற ஆட்கள் திரும்பச் செஞ்சுபாத்தாங்க, சுமார் 36 சதவீதத்துலதான் சொல்லிக்கிற மாதிரி ரிசல்ட் வந்துச்சு. கேவலம்தான், மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா அதைச் செஞ்சது யாரு? சைக்காலஜிக்காரங்களேதான், நூத்துக்கணக்குல சேர்ந்து.

இன்னும் கிட்டப் போய்ப் பாக்கணும்னா முள்ளங்கிக் கதை இருக்கு. 1998ல ராய் பாமைஸ்டர்ங்கிற சைக்காலஜிக்காரரோட குழு காலேஜ் பசங்களைப் பசியோட வரச்சொல்லி, அப்பத்தான் சுட்ட சாக்லேட் பிஸ்கெட் வாசனை ரூம் முழுக்க அடிக்கும்போது சில பேருக்கு மட்டும் நீ முள்ளங்கிதான் தின்னணும்னு சொல்லிட்டாங்க. (வயித்தெரிச்சல்.) அப்புறம் எல்லாருக்கும் ஒரு புதிர், அதுக்கு விடையே கிடையாது. பிஸ்கெட் தின்னவங்க சுமார் 19 நிமிஷம் முட்டிமோதினாங்க, முள்ளங்கிக்காரங்க 8 நிமிஷத்துலயே கைகழுவிட்டாங்க. மன உறுதிங்கிறது செலவாகித் தீந்துபோற சரக்குன்னு ஒரு கொள்கை அதுல இருந்து கிளம்பி, வருஷக்கணக்கா மேடைக்கு மேடை பேசினாங்க. 2016ல 23 லேபு, ரெண்டாயிரத்துக்கு மேல ஆளுங்க, இன்ன மாதிரி செய்யப்போறோம், இப்படித்தான் கணக்குப் போடப்போறோம்னு முன்கூட்டியே எழுதிப் பதிவு பண்ணிட்டு அந்தக் கொள்கையைச் சோதிச்சாங்க, கிட்டத்தட்ட ஒண்ணுமே தேறலை. இதுல முள்ளங்கி கிடையாது, கம்ப்யூட்டர்ல ஒரு வேலை குடுத்தாங்க, அந்த வேலையே சரியில்லைன்னு பாமைஸ்டர் சண்டைக்கு வந்தாரு. பஞ்சாயத்து இன்னும் ஓடுது.

எல்லாமே இப்படி உடைஞ்சிடுறதும் இல்ல. 1935ல ஸ்ட்ரூப்னு ஒரு சைக்காலஜிக்காரர் சொன்னதை நீங்க வீட்டுலயே பாக்கலாம். பச்சை ஸ்கெட்ச்ல "சிவப்பு"ன்னு எழுதுங்க, நீலத்துல "மஞ்சள்"னு எழுதுங்க, இப்படி ஒரு இருபது. வார்த்தையைப் படிக்காம மையோட கலரை மட்டும் வேகமாச் சொல்லணும். நான் தடுமாறிட்டேன், இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத என் தங்கச்சி பொண்ணு கடகடன்னு சொல்லிட்டுப் போயிட்டா. படிக்கத் தெரிஞ்சதுதான் நம்மளைத் தடுக்குது, அதான் காரணம்.

உங்க ரிப்போர்ட்டுக்கும் ஒரு சோதனை சொல்றேன். டீம்ல அஞ்சு பேரோட ரிப்போர்ட்டை வாங்கி, பேரையும் நாலெழுத்தையும் அடிச்சுட்டு, கலைச்சுப்போட்டு, ஆளுக்கொண்ணா அவனவனுதை எடுக்கச் சொல்லுங்க. குருட்டாம்போக்குல எடுத்தாலே சராசரியா ஒருத்தருக்குச் சரியா அமைஞ்சிடும், அதனால எத்தனை பேர் சரியா எடுத்தா ரிப்போர்ட்டை ஒத்துக்குவீங்கன்னு கலைக்கிறதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதி உங்க வீட்டம்மா கையில குடுத்துடுங்க. நீங்க டிக் அடிச்ச பதிலையே ரிப்போர்ட் திருப்பிச் சொல்லுதுன்னா அதை வச்சும் கண்டுபிடிச்சிடலாம், அது தனிப் பஞ்சாயத்து, அப்புறம் பேசுவோம். ரிசல்ட் என்னாச்சுன்னு எழுதுங்க. அந்தப் பேப்பரையும் போட்டோ எடுத்து அனுப்புங்க.