பழைய அமெரிக்க நாணய ஏல கேட்லாக்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1793 செயின் சென்ட் (பின்புறம் சங்கிலி உரு உள்ள செம்புக் காசு) ஒன்றுக்கு கேட்லாக்கில் ‘எஸ்-1, ஆர்-4, ஷார்ப்னஸ் 30, நெட் 15’ என்று போட்டிருக்கிறார்கள். அதே காசை அடைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையின் லேபிளில் 30 என்றே இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: ஏலம் கேட்க 15-ஐ நம்புங்கள். ஷார்ப்னஸ் என்பது தேய்மானத்தை மட்டும் பார்த்துப் போட்ட மதிப்பெண். அரிப்பு, கீறல், விளிம்பு நசுங்கல் எல்லாவற்றுக்கும் கழித்தபின் நிற்பது நெட். பழைய அமெரிக்கச் செம்புக் காசு சேகரிப்பவர்களின் ‘எர்லி அமெரிக்கன் காப்பர்ஸ்’ சங்கத்தார் கழிப்பதில் கறார் பேர்வழிகள். லேபிள் ஒட்டும் கம்பெனிகள் பெரும்பாலும் தாராளம்.

எஸ்-1 என்பது பழைய சென்ட்களை அடித்த அச்சுவாரியாகப் பிரித்துப் பட்டியலிட்ட வில்லியம் ஷெல்டன் கொடுத்த எண். நாட்டின் பெயரை ‘அமெரி.’ என்று சுருக்கிய பின்புறம் உள்ளது அதுதான். ஆர் என்பது இன்று எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்ற மதிப்பீடு: ஆர்-4 என்றால் 76 முதல் 200, ஆர்-5 என்றால் 31 முதல் 75, ஆர்-6 என்றால் 13 முதல் 30, ஆர்-7 என்றால் 4 முதல் 12. புதிதாகக் காசுகள் வெளிவர வர இந்த எண் இறங்கும். ஐம்பது வருடத்துக்கு முந்தைய கேட்லாக்கில் உள்ள ஆர் எண்ணை வைத்து இன்று விலை கேட்காதீர்கள்.

கேட்லாக்கில் எடை போடவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். அந்த வருட சென்டின் சட்ட எடை 208 கிரெயின், அதாவது 13.48 கிராம். மின்பூச்சு முறையில் செய்த போலிகளில் இரண்டு மெல்லிய செம்பு ஓடுகளுக்கு நடுவே ஈயம் போன்ற உலோகம் இருக்கும். விளிம்பைச் சுற்றி மூட்டுக் கோடு தெரியும். தட்டினால் ஓசை மழுங்கும்.

கேள்வி: 19-ம் நூற்றாண்டு கேட்லாக் ஒன்றின் ஓரத்தில் யாரோ மையால் விலை எழுதியிருக்கிறார்கள். 12 காசுகள் உள்ள லாட்டுக்கு (ஒன்றாக ஏலம் விடும் தொகுப்புக்கு) 5 சென்ட்தானா?

பதில்: இல்லை, 60 சென்ட். அன்றைய அமெரிக்க ஏலங்களில் பொதுவாக ஒரு காசுக்கு இவ்வளவு என்றுதான் கேட்பார்கள். முன்பக்க நிபந்தனைகளில் அது இருக்கும். இதைப் பார்க்காமல் விலை வரலாறு எழுதியவர்கள் உண்டு. பக்கத்தில் இருக்கும் பெயரும் ஏலத்தில் கையைத் தூக்கிய வியாபாரியுடையதாக இருக்கலாம். காசு போய்ச் சேர்ந்த வீடு வேறு.

இன்றைய விலையோடு ஒப்பிடும்போது வாங்குபவர் கட்டணத்தை, அதாவது ஏலத் தொகைக்கு மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் வசூலிப்பதை, கழித்துவிடுங்கள். 2013 ஜனவரியில் விற்ற 1794 வெள்ளி டாலரின் விலையாக எல்லோரும் சொல்லும் 1,00,16,875 டாலரில், சுத்தியல் விழுந்த தொகை 85,25,000 மட்டுமே. மீதி 17.5 சதவீதக் கட்டணம்.

கேள்வி: என்னிடம் இருக்கும் காசுதான் பழைய கேட்லாக் படத்தில் இருப்பது என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: முதலில் அச்சு விரிசல்களை, அதாவது காசு அடிக்கும் அச்சு விரிந்ததால் காசில் விழுந்த கோடுகளை, மறந்துவிடுங்கள். அந்த விரிசல் அந்த அச்சில் அதே கட்டத்தில் அடித்த எல்லாக் காசுகளிலும் இருக்கும். பார்க்க வேண்டியது அந்த ஒரு காசுக்கு மட்டும் உரியவை: உரு எந்தப் பக்கம் ஒதுங்கி விழுந்திருக்கிறது, விளிம்புப் பற்கள் எங்கே வெட்டுப்பட்டிருக்கின்றன, தகட்டில் (உரு அடிக்காத வெறும் உலோக வில்லையில்) அடிக்கும் முன்பே இருந்த பள்ளம் எங்கே. உரு ஒதுங்கிய அளவு எந்தக் காலத்திலும் மாறாது, அதனால் அதிலிருந்து தொடங்குங்கள். மாசசூசெட்ஸின் 1652 பைன் மர ஷில்லிங்குகளில் தகட்டின் ஒழுங்கற்ற வெளிக்கோடே போதும்.

அடுத்தது கீறல்கள். உங்கள் காசில் இருந்து படத்தில் இல்லாத கீறல் பிற்பாடு விழுந்திருக்கலாம், தவறில்லை. படத்தில் இருந்து உங்கள் காசில் இல்லை என்றால் காசு வேறு, அல்லது யாரோ சுரண்டிச் சரிசெய்திருக்கிறார்கள். இரண்டுமே நல்ல செய்தி அல்ல. நிறத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். செம்பு நிறம் மாறும், மாற்றவும் செய்வார்கள். சில பழைய படங்களோ சாந்தில் எடுத்த அச்சுப்படியைப் படம்பிடித்தவை.

புள்ளிப்புள்ளியாக அச்சிட்ட படத்தை லென்ஸில் எவ்வளவு பெரிதாக்கினாலும் புள்ளிதான் தெரியும். பழைய நாணய வியாபாரிகளான சாப்மன் சகோதரர்களின் கேட்லாக்குகளில் வந்த புகைப்படத் தட்டுகளில் (தனியாகச் சேர்த்த படப் பக்கங்களில்) நுண்கீறல் வரை பிடிபடும். ஆனால் அதே ஏலத்துக்குத் தட்டு இல்லாத சாதாரணப் பிரதிகளும் விற்றார்கள், ஆகவே கேட்லாக் வாங்குமுன் தட்டுகளை எண்ணிப் பாருங்கள்.

கான்டினென்டல் நோட்டுகளில் (அமெரிக்க விடுதலைப் போர்க்காலக் காகிதப் பணத்தில்) இந்தப் பாடே இல்லை. கையால் எழுதிய வரிசை எண் இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது.

கேள்வி: லிபர்டாஸ் அமெரிக்கானா பதக்கம், ‘பெட்ஸ்-615, வெண்கலம்’ என்று மட்டும் விவரம் தந்திருக்கிறார்கள். கேட்கலாமா?

பதில்: பெட்ஸ்-615 என்பது அமெரிக்கப் பதக்கங்களுக்கான பெட்ஸ் பட்டியலின் எண். விளிம்பின் படம் வராமல் கேட்க வேண்டாம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஏற்பாட்டில் 1783-ல் பாரிஸில் செதுக்குக் கலைஞர் துப்ரே வெட்டிய அச்சில் அடித்த மூலப் பதக்கத்தின் விளிம்பு வெறுமையாக இருக்கும். பாரிஸ் நாணயச் சாலையின் பிற்கால மறு பதிப்புகளில் விளிம்பில் முத்திரை உண்டு. 1880 முதல் அது வளக்கொம்பு (கனிகள் நிரம்பி வழியும் கொம்பு உரு), கூடவே உலோகத்தின் பெயரும். முத்திரையை அரத்தால் ராவி எடுப்பதும் நடக்கிறது. விளிம்பில் ஓரிடம் மட்டும் தட்டையாகவோ அதிகப் பளபளப்பாகவோ தெரிந்தால் அந்த லாட்டை விட்டுவிடுங்கள்.