ஈறுக்குள் ஒளிந்திருக்கும் கூடுதல் பல்: குழந்தைகள் பல் மருத்துவரிடம் சில கேள்விகள்

கேள்வி: மகனுக்கு எட்டரை வயது. மேல்வரிசையில் வலப்பக்க முன்பல் போன வருடமே வந்துவிட்டது. இடப்பக்கம் வெறும் ஈறுதான். "தானாக வரும், அவசரப்படாதே" என்கிறார் மாமியார். பொறுக்கலாமா டாக்டர்?

பதில்: பொறுக்காதீர்கள் அம்மா. மேல் நடுப்பற்கள் இரண்டும் 7, 8 வயதில் சில மாத இடைவெளியில் வந்துவிட வேண்டும். ஒன்று வந்து 6 மாதம் கடந்தும் அதன் ஜோடி வரவில்லை என்றாலோ, பக்கத்துப் பல் அதை முந்திக்கொண்டாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும். கூடுதல் பல் ஒன்று வழியை அடைத்திருக்கலாம். கூம்பு போன்றது பெரும்பாலும் பல்லை விலக்கித் தள்ளும். பீப்பாய் போன்றதுதான் முளைக்கவே விடாமல் தடுக்கும். சிறுவயதில் விழுந்து பால்பல்லில் அடிபட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கேள்வி: கர்ப்ப காலத்தில் நான் சாப்பிட்ட ஏதோ ஒன்றால் இப்படி ஆகியிருக்குமோ?

பதில்: இல்லவே இல்லை. பற்களை உருவாக்கும் திசு தேவைக்கு மேல் வளர்வதால் வருவது இது. 100 பேரில் 1 முதல் 3 பேருக்கு உண்டு. பெண்களைவிட ஆண்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு. சில குடும்பங்களில் தொடர்ந்து வரும். ஆனால் பல கூடுதல் பற்கள் தெரிந்தால் நான் குழந்தையின் தோள்களையும் பார்ப்பேன். இரு தோள்களையும் மார்புக்கு முன்னால் ஒன்றாகச் சேர்க்க முடிந்தால், தோளை மார்போடு இணைக்கும் காறை எலும்பு சரியாக வளராத ஒரு மரபுக் குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: மகளுக்கு 6 வயது. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் தலைகீழாக ஒரு கூடுதல் பல் தெரிந்தது. உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமா?

பதில்: மருத்துவர்களிடையே இதில் இருவேறு கருத்துகள் உண்டு. சீக்கிரம் எடுத்தால் முன்பற்கள் ஒழுங்காக வர வழி கிடைக்கும். ஆனால் அருகில் வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லின் வேர் காயப்படக்கூடும். தொல்லை தராத பல் என்றால், அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துக் கவனித்து, அந்த வேர்கள் வளர்ந்தபின் எடுப்பதையே நான் விரும்புவேன். வழியை அடைத்தாலோ, பக்கத்து வேரை அரித்தாலோ, சுற்றிலும் நீர்க்கட்டி உண்டானாலோ தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: எப்படி எடுப்பார்கள்? நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் பல் எங்கே கிடக்கிறது என்று உறுதிசெய்வார்கள். அதற்கு இரு கோணங்களில் எக்ஸ்ரே எடுப்பார்கள். தேவைப்பட்டால் முப்பரிமாண ஸ்கேன். பெரும்பாலும் அது அண்ணப் பக்கம்தான் இருக்கும். ஆகவே முன்பற்களின் உள்பக்க ஈறைத் திறந்து, மெல்லிய எலும்பை உப்புநீர் பாய்ச்சியபடி சிறிதளவே நீக்குவார்கள். பல் முழுதாக வராவிட்டால் துண்டாக்கி எடுத்துவிட்டு, ஈறை மூடித் தையல் போடுவார்கள். வெளியே தழும்பு எதுவும் தெரியாது. ஒத்துழைக்கும் பிள்ளைக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போதும். சிறு பிள்ளைகளுக்கும் ஆழத்தில் கிடக்கும் பல்லுக்கும் முழு மயக்கம் நல்லது. அப்போது வெறும் வயிற்றில் இருக்க வேண்டிய நேரத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். முன்பற்களுக்குப் பின்னால் சில நாள் மரத்ததுபோல் இருக்கலாம்; பொதுவாகச் சரியாகிவிடும்.

முதல் நாள் கொப்பளிக்க விடாதீர்கள், ஸ்ட்ராவும் வேண்டாம். ஆறவைத்த குழைந்த சாதம், தயிர் கொடுங்கள். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புநீர். வலிக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

கேள்வி: கூடுதல் பல்லை எடுத்து நான்கு மாதமாகியும் முன்பல் இறங்கவில்லையே?

பதில்: நான்கு மாதம் குறைவு. இடம் இருந்து, வேர் வளர்ச்சி முழுதாக முடியாமலும் இருந்தால் பல பிள்ளைகளுக்குத் தானாகவே இறங்கும். ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம். எக்ஸ்ரேயில் அசைவே தெரியாவிட்டால், பல்லைத் திறந்து சிறு சங்கிலி ஒட்டி, கம்பி மூலம் மெல்ல இழுப்பார்கள். ஆகவே பல் சீரமைப்பு மருத்துவரை இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.