கேளுங்கள், சொல்கிறோம்: குண்டுக்குப் பயந்து ஊருக்கு வந்த பிள்ளைகள்

வாசகி, பாலக்கோடு: என் பாட்டிக்கு 91 வயது. சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மெட்ராஸிலிருந்து கிருஷ்ணகிரிக்கு அழைத்து வந்துவிட்டார்களாம். வருஷம் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்கிறார். இதைச் சரியாகப் பதிவு செய்வது எப்படி?

பாட்டி சொல்வது பெரும்பாலும் 1942 ஏப்ரலாகத்தான் இருக்கும். அந்த மாதம் 5-ஆம் தேதி கொழும்பிலும், 6-இல் விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும், 9-இல் திரிகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. சென்னையில் வேலை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று அரசு சொன்னது. அரசு அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்குப் போயின.

வருஷத்தைக் கேட்காதீர்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு வருஷம் மனதில் நிற்காது; பண்டிகையும் பழமும் நிற்கும். "வருஷப் பிறப்புக்கு எங்கே இருந்தீங்க பாட்டி? வந்தப்போ மரத்துல மாங்காயா, பழமா?" என்று கேளுங்கள். விஷு என்ற தமிழ் வருஷத்தின் பங்குனிக் கடைசியில் குண்டு விழுந்தது. அடுத்த சில நாளில் சித்திரபானு வருஷம் பிறந்தது. பாட்டியின் பதில் இதோடு பொருந்துகிறதா பாருங்கள்.

இரண்டு இடங்களில் நினைவு தடம் மாறும். சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டி எரிந்ததாகச் சொன்னால், அது 1914 செப்டம்பர் 22-இல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சுட்டபோது நடந்தது. வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டது கலந்திருக்கிறது. தர்மபுரிக்குச் சின்ன ரயிலில் வந்ததாகச் சொன்னால் அது முந்தைய பயணம். மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூர் போன குறுகிய ரயில் பாதை 1941-இல் மூடப்பட்டுவிட்டது. பெரிய ரயிலை விட்டு இறங்கியதும் கட்டை வண்டியா, கரி வாயுவில் ஓடிய பஸ்ஸா என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு காட்சி முழுசாக வரும். தப்பு என்று தெரிந்தாலும் நடுவில் திருத்தாதீர்கள். ஒருமுறை திருத்தினால் அதற்கப்புறம் உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள். சந்தேகத்தைத் தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

செல்போனை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல், வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், பதிவு கெடுவதற்கு முதல் காரணம் அதுதான். ஒரு உட்காரலுக்கு அரைமணி, முக்கால்மணி போதும். காலை பலகாரத்துக்குப் பிறகு கேட்டால் பேச்சு தெளிவாக இருக்கும். அன்றே இரண்டு இடத்தில் சேமித்துவிடுங்கள்.

ஆசிரியர், காவேரிப்பட்டணம்: பள்ளி நாடகத்துக்காக: 1939-இல் குண்டுக்குப் பயந்து வெளியூருக்கு அனுப்பப்பட்ட லண்டன் பிள்ளைகள் கையில் என்ன கொண்டு போனார்கள்?

விஷவாயு முகமூடி, அதுவும் நாடா கட்டிய அட்டைப்பெட்டியில், தோளில். சட்டையில் பெயரெழுதிய அட்டை. மாற்று உள்ளாடை, இரவு உடை, காலுறை, பல் துலக்கி, சீப்பு, துண்டு, கைக்குட்டை, அன்றைய சாப்பாடு. மேடையில் பெரிய சூட்கேஸ் வேண்டாம். பிள்ளை தானே தூக்கிப் போகும் அளவுதான். செப்டம்பர் 1-இல் தொடங்கி மூன்று நாளில் சுமார் 15 லட்சம் பேர் பிரிட்டன் நகரங்களை விட்டுப் போனார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியர்களோடு போனார்கள், அம்மா அப்பா கூட வரவில்லை. நம் பிள்ளைகள் அம்மாவோடு உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவர்கள். அந்த வேறுபாட்டை நாடகத்தில் மறைத்துவிடாதீர்கள். அங்கே பிள்ளைகளை வைத்துக்கொண்ட வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கு வாரம் 10 ஷில்லிங் 6 பென்ஸ், ஒன்றுக்கு மேல் போனால் தலைக்கு 8 ஷில்லிங் 6 பென்ஸ் அரசு கொடுத்தது. குண்டு உடனே விழாததால் பல பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்குள் வீடு திரும்பினார்கள். 1940-இல் குண்டு வீச்சு தொடங்கியதும் மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று.

வாசகர், ஊத்தங்கரை: அந்தக் காலப் பதிவுகளை எங்கே தேடுவது?

முதலில் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. 1942 ஜூன் சேர்க்கையில் முந்தைய பள்ளி என்ற இடத்தில் சென்னைப் பள்ளிகள் வருகின்றனவா பாருங்கள். தலைமையாசிரியருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். பெயரோடு தந்தை பெயரும் ஏறத்தாழப் பிறந்த வருஷமும் இருக்கட்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடும்போது சேலம் மாவட்டம் என்றே கேளுங்கள். தர்மபுரி 1965-இலும் கிருஷ்ணகிரி 2004-இலும்தான் தனி மாவட்டமாயின.