பிளக்கை எவ்வளவு இறுக்கலாம்?

கேள்வி: எங்களுடையது பழைய மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. ஸ்பார்க் பிளக் மூன்றையும் வீட்டிலேயே மாற்றலாம் என்றிருக்கிறேன். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லை. அதிகம் இறுக்கினால் சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டில் மரை போய்விடும் என்கிறார்களே? – வாசகர், பொள்ளாச்சி

பதில்: அந்தப் பயம் சரியானதுதான். பிளக் இரும்பு, ஹெட் அலுமினியம். கெடுவது எப்போதும் ஹெட்டின் மரைதான். அதனால் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே கை வையுங்கள். சூட்டில் கழற்றினால் மரையையும் பிய்த்துக்கொண்டு வரும்.

ஒயரைப் பிடித்து இழுக்காமல் தொப்பியைப் பிடித்துச் சற்றே திருகி எடுங்கள். ஒரு பிளக்கை மாற்றி முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். ஒயர் இடம் மாறினால் சிலிண்டர்கள் பற்றும் 1-3-2 என்ற வரிசை குலைந்து வண்டி மிஸ் அடிக்கும். கழற்றுவதற்கு முன் குழியில் இருக்கும் மண்ணைக் காற்றடித்து ஊதிவிடுங்கள். விட்டால் அது சிலிண்டருக்குள் விழும்.

புதிய பிளக்கின் முனையில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (அளவு குறித்த மெல்லிய தகடு) அளந்து 0.7 முதல் 0.8 மி.மீ.க்குள் வையுங்கள். வெளிக்கொம்பை மட்டும் வளைக்க வேண்டும், நடுக்கம்பியை நெம்பக் கூடாது.

இனிதான் முக்கியமான கட்டம். பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் ஹோஸைச் செருகி, விரலால் மட்டும் திருகி ஏற்றுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கிவிடும், ஹெட் தப்பிக்கும். முதல் சுற்றிலேயே ஸ்பேனர் போடுகிற பழக்கம்தான் பாதி ஹெட்களைக் கெடுக்கிறது. வாஷர் ஹெட்டில் உட்கார்ந்ததும் ஸ்பேனரால் அரைச் சுற்று போதும்; மூன்றில் இரண்டு பங்கைத் தாண்ட வேண்டாம். பழைய பிளக்கையே திரும்பப் போட்டால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், கடிகாரத்தின் சின்ன முள் ஒரு மணி நேரத்தில் நகரும் அளவு திருப்பினால் போதும். டார்க் ரென்ச் இரவல் கிடைத்தால் 25 நியூட்டன் மீட்டர். மரையில் கிரீஸ் தடவாதீர்கள். வழுக்கலில் கை அறியாமல் இறுக்கம் கூடிவிடும்.

பயந்து லூசாக விடுவதும் தவறு. பிளக்கின் சூடு ஹெட் வழியாகத்தான் இறங்குகிறது. வாஷர் நசுங்கி உட்காராவிட்டால் முனை அளவுக்கு மீறிச் சூடேறி, நேரத்துக்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும்.

கேள்வி: பழைய பிளக் என்ஜிகே, எண் 5. கடையில் போஷ் கொடுத்தார்கள், அதில் எண் 8. தவறா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: தவறில்லை. அந்த எண் பிளக் எவ்வளவு சூட்டைக் கடத்தும் என்பதைக் குறிப்பது. என்ஜிகேயில் எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக், அதாவது சூட்டை வேகமாகக் கடத்துவது; போஷில் நேர்மாறு. என்ஜிகே 5-க்கு இணை போஷ் 8தான். ஆனால் மரையின் நீளத்தைப் பழையதோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கக்கூடும். குறைந்தால் பிளக் எட்டாமல் உள்ளே மீந்து நிற்கும் ஹெட்டின் மரையில் கரி ஏறி, அடுத்த முறை சரியான பிளக்கே உள்ளே போகாது.