தவழும் குழந்தை உள்ள வீட்டில் மரத்தரைக்கு எந்தப் பூச்சு?

கேள்வி: குன்னூரில் மாமனார் காலத்து வீடு. கூடமும் இரண்டு படுக்கையறைகளும் தேக்குப் பலகைத் தரை. பூச்சு தேய்ந்து, சன்னலோரம் பலகை கறுத்துவிட்டது. ஒன்பது மாத மகள் தவழ்கிறாள். கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகிறது. மாமியாருக்கு வீசிங் உண்டு. ஆசாரி ‘மெலமைன் அடிக்கலாம், இல்லாவிட்டால் பி.யூ.’ என்கிறார். விஷமில்லாத பூச்சு எது?

பதில்: முழுக்க இறுகிய பூச்சைக் குழந்தை தொட்டாலோ நக்கினாலோ பெரும்பாலும் பயமில்லை. பூசும் நாளிலும் அதை ஒட்டிய வாரங்களிலும் அதிலிருந்து என்ன ஆவியாகி வெளியே வருகிறது என்பதில்தான் தொல்லை இருக்கிறது. அதனால் டப்பாவில் ‘குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது’ என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஐரோப்பிய பொம்மைத் தரம் இ.என். 71-3, காய்ந்த பூச்சிலிருந்து ஈயம் போன்ற தனிமங்கள் எவ்வளவு கசிகின்றன என்பதைத்தான் சோதிக்கிறது. பூசும்போது எழும் நெடியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

மெலமைன் வேண்டவே வேண்டாம். மேசை நாற்காலிக்கு அடித்தால் பளபளவென்று அழகாக இருக்கும், உண்மை. ஆனால் அது அமிலம் கலந்து இறுக வைக்கும் பூச்சு. இறுகும்போதும் அதற்குப் பிறகும் ஃபார்மால்டிஹைடு வெளிவிடும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்த பொருள் அது. மூன்று அறைத் தரை என்பது ஒரு மேசைப் பலகையைப் போல எத்தனையோ மடங்கு பரப்பு.

பி.யூ. (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சு) என்று ஆசாரி சொன்னால், ‘ஒரு டப்பாவா, இரண்டு டப்பாவா?’ என்று கேளுங்கள். இரண்டு டப்பா என்றால் ஒன்றில் பூச்சை இறுக வைக்கும் ஹார்டனர் இருக்கும். அதில் ஐசோசயனேட் உண்டு. ஆஸ்துமாவைக் கிளப்புவதில் பேர்போனது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். மாமியாருக்கு மட்டுமல்ல, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பூசும் ஆசாரிக்கும் அது ஆபத்து.

உங்கள் வீட்டுக்கு என் தேர்வு, தண்ணீர் கலந்த ஒரு டப்பா பி.யூ. டப்பாவில் பால் மாதிரி இருக்கும், காய்ந்தால் தெளிந்துவிடும். நெடி அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் தின்னர் ஊற்றும் வகைகளைவிட மிகக் குறைவு. லேபிளில் வி.ஓ.சி. (காற்றில் ஆவியாகிக் கலக்கும் கரிமப் பொருள்கள்) அளவு லிட்டருக்கு 100 கிராமுக்குக் கீழே இருந்தால் வாங்குங்கள். ஒரு குறை உண்டு: தேக்கின் தேன் நிறத்தை அது எடுத்துக் காட்டாது, சற்று வெளிறித் தெரியும்.

தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. மேலே பூசுவது பிடிக்காமல் உரியலாம். அதற்கு மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து முதலில் ஒரு கை மெல்லப் பூசுவது நல்ல வழி. பசையை அடக்கும், நிறத்தையும் ஓரளவு மீட்டுத் தரும். ஸ்பிரிட் நெடி சில மணி நேரத்தில் போய்விடும். அரக்கு என்றால் எனக்குத் தனிப் பிரியம். மிட்டாய்க்கு மேலே பூசுகிற பொருள் அது. ஆனாலும் தரைக்கு அதை மட்டும் நம்ப முடியாது. சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும், குழந்தை நனைத்த இடம் வெளுக்கும்.

படுக்கையறைக்கு மெழுகு கலந்த தாவர எண்ணெய்ப் பூச்சும் பொருந்தும். கீறல் விழுந்த இடத்தில் மட்டும் தொட்டுப் பூசிக்கொள்ளலாம். அதிலும் இரண்டு பாகமாக வருபவற்றில் ஐசோசயனேட் இருக்கலாம். என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் தரவுத் தாளைக் கடையில் கேட்டு வாங்கிப் பாருங்கள். ‘இயற்கை’ என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். பைன் மரத்து டர்பன்டைனும் இயற்கைதான், மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது. கரையானுக்குப் பூசும் முந்திரிக்கொட்டை எண்ணெய் தோலைக் கொப்பளிக்க வைக்கும். தேங்காயெண்ணெய் தேய்த்தால் விஷமில்லை, ஆனால் அது காயவே காயாது, தூசியெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

பூசுவதற்கு முன்னால் ஒரு சோதனை. பழைய மலை வீடுகளில் தரைக்கு மெழுகு தேய்த்திருப்பார்கள். வெள்ளைத் துணியில் டர்பன்டைன் நனைத்து ஒரு மூலையில் துடையுங்கள். பழுப்பாக வழவழப்பு வந்தால் மெழுகு இருக்கிறது. அதை எடுக்காமல் தண்ணீர் பி.யூ. ஒட்டாது. பலகையை ஆழமாக இழைக்கவும் தேவையில்லை. பூச்சு மட்டும் தேய்ந்த இடங்களுக்கு உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கினாலே போதும். மரத்தூளும் நுரையீரலுக்கு நல்லதல்ல. சுவரோரக் கட்டையில் பழைய வண்ணப் பெயின்ட் இருந்தால் அதை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்கை (90 பி.பி.எம்.) தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓயும் வரை பொறுங்கள். பிப்ரவரி கடைசி, மார்ச் நல்ல காலம். ஈரக்காற்றிலும் கடுங்குளிரிலும் எந்தப் பூச்சும் சரியாக இறுகாது. தொட்டால் ஒட்டவில்லை என்பது வேறு, இறுகிவிட்டது என்பது வேறு. தண்ணீர் பி.யூ. இரண்டு மணி நேரத்தில் காயும்; இறுக ஒரு வாரம். எண்ணெய்ப் பூச்சுக்கு இரண்டு, மூன்று வாரம். அதுவரை குழந்தையும் மாமியாரும் வேறு வீட்டில் இருக்கட்டும். ஓர் அறையை மூடிவைத்துவிட்டு அடுத்த அறையில் படுக்கலாம் என்று நினைக்காதீர்கள். கதவிடுக்கு வழியாக நெடி வரும்.

எண்ணெய்ப் பூச்சைத் தேர்ந்தெடுத்தால் ஆசாரியிடம் முதல் நாளே ஒன்று சொல்லிவிடுங்கள்: துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. இந்தப் பூச்சுகளில் பெரும்பாலும் சேர்க்கும் ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, வெளியே விரித்துக் காயப்போட வேண்டும்.