பேலன்ஸ் ஏறிவிட்டது, பணம் வரவில்லை

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆன்லைன் வேலை விவகாரம்தான். அதனால் பி.எஃப்., நாமினி கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை நானே எடுத்துவிட்டேன்.

கேள்வி: மகள் அமெரிக்காவில், டெக்சாஸில், எம்.எஸ். முதல் வருடம் படிக்கிறாள். அவள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் பெயரில் மெயில் வந்தது. வீட்டிலிருந்தே உதவியாளர் வேலை, வாரத்துக்கு 400 டாலராம். இன்டர்வியூகூட இல்லை. 2,450 டாலருக்கு ஒரு செக்கின் படத்தை அனுப்பி பேங்க் ஆப்பில் டெபாசிட் செய்யச் சொன்னார்கள், செய்தாள், இரண்டே நாளில் பேலன்ஸில் பணம் காட்டுகிறது. 400-ஐ சம்பளமாக எடுத்துக்கொண்டு மீதி 2,050-ஐ ஆபீஸ் சாமான் விற்பவருக்கு ‘ஸெல்’ என்ற பணம் அனுப்பும் சேவையில் இன்றைக்கே அனுப்பு என்கிறார்கள். "பணம்தான் வந்துருச்சேம்மா" என்கிறாள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. (வாசகி, கோவை)

பதில்: அம்மா, இதைப் படித்ததும் முதல் வேலையாக மகளுக்குப் போன் போடுங்கள். 2,050 போகக்கூடாது, அந்த 400-ஐயும் தொடக்கூடாது. உங்கள் மனசு சொன்னதுதான் சரி, பணம் இன்னும் வரவில்லை.

இது நமக்குப் புரியாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் செக் போட்டால், அதைக் கொடுத்தவருடைய பேங்க் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் பொதுவாக நம் கணக்கில் பணம் எடுக்கக் கிடைக்கும். அமெரிக்காவில் வாடிக்கையாளரைக் காக்கவைக்கக்கூடாது என்று 1987-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இப்போதைய கணக்கில் ஒரு நாளில் போட்ட செக்குகளில் முதல் 275 டாலரை அடுத்த வேலை நாளே எடுக்க விட வேண்டும், மீதியையும் பெரும்பாலும் இரண்டாவது வேலை நாளில் விட்டுவிடுவார்கள். அது பேங்க் நம்பிக்கையின் பேரில் முன்கூட்டித் தருகிற தொகை, அவ்வளவுதான். செக் போலி என்று தெரிந்து திரும்பி வர ஒரு வாரமும் ஆகலாம், சில நேரம் பல வாரங்களும் ஆகலாம். திரும்பி வந்தால் 2,450-ஐ முழுதாக உங்கள் மகள் கணக்கிலிருந்து கழித்துக்கொள்வார்கள், அபராதக் கட்டணம் போட்டாலும் போடுவார்கள். அதற்குள் ஸெல்லில் போயிருக்கும் 2,050 அவளுடைய சொந்தப் பணம், நீங்கள் இங்கிருந்து அனுப்பிய வாடகைக் காசு. இந்த இடைவெளியைத்தான் மோசடிக்காரன் தின்கிறான், "இன்றைக்கே" என்று அவன் பறப்பதும் அதனால்தான்.

செக்கைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், லேசில் முடியாது. நிஜ பேங்கின் பெயரும் ரூட்டிங் நம்பரும் (அந்த பேங்கின் அடையாள எண்) இருக்கும், கணக்கு எண்கூட எங்கோ ஒரு சர்ச்சுடையதாகவோ சின்னக் கம்பெனியுடையதாகவோ இருக்கலாம், திருடியது. ‘கேஷியர்ஸ் செக்’ என்று போட்டிருந்தால் பேங்கே கொடுத்ததாயிற்றே என்று நம்புவார்கள், ஆனால் அதையும் அச்சடிக்கத் தெரிந்தவர்கள் இவர்கள். செக்கை விட்டுவிட்டு சுற்றி நடந்ததைப் பாருங்கள். பேராசிரியர் நிஜமானவர், கல்லூரி இணையதளத்தில் போட்டோவோடு இருப்பார், ஆனால் மெயில் வந்தது கல்லூரி முகவரியிலிருந்தா, ஜிமெயிலிலிருந்தா? செக்கில் உள்ள கம்பெனிக்கும் பேராசிரியருக்கும் என்ன சம்பந்தம்? ஆபீஸுக்குச் சாமான் வேண்டுமென்றால் ஆபீஸ் நேராக வாங்காதா, வேலையில் இன்னும் சேராத ஒரு மாணவியின் கணக்கு வழியாக ஏன் போக வேண்டும்? உலகத்தில் எந்த முதலாளியும் வேலைக்காரர் கையில் பணத்தைக் கொடுத்து மிச்சத்தைத் திருப்பிக் கொடு என்று சொல்வதில்லை.

அவள் இப்போது செய்ய வேண்டியது, பேங்க் கிளைக்கு நேரில் போய் "இந்தச் செக் மேல் எனக்குச் சந்தேகம்" என்று தானாகச் சொல்வது. திரும்பி வந்த பிறகு சொல்வதைவிட முன்னால் போய்ச் சொன்னவள் என்று பதிவாவது நல்லது. கணக்கைக் கொஞ்ச நாள் முடக்கினாலும் முடக்குவார்கள், அதற்குள் வாடகைக்கு வேறு வழி பார்த்து வையுங்கள். அப்புறம் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம். மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் முதல் கல்வியாண்டில் வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய அனுமதி கிடையாது, உள்ளே செய்தாலும் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். மோசடிக்காரனுக்கும் இது தெரியும். "பணத்தை அனுப்பலைன்னா எஃப்.பி.ஐ.யில் சொல்லிடுவேன், விசா போயிடும்" என்று மிரட்டுவான். பயந்து அவனிடம் பேசிக்கொண்டிருப்பதைவிட அலுவலகத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லிவிடலாம், இதே மெயில் இன்னும் பல பிள்ளைகளுக்குப் போயிருக்கும்.

ஒருவேளை ஏற்கெனவே அனுப்பிவிட்டாள் என்றால் அந்த நிமிடமே பேங்குக்குப் போன். ஸெல்லுக்குப் பதில் கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரைக் கொடுத்திருந்தால் கார்டையும் ரசீதையும் தூக்கிப் போடாமல் அந்தக் கார்டு கம்பெனியைக் கூப்பிட வேண்டும். புகாரை நுகர்வோர் பாதுகாப்பைப் பார்க்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் தளத்திலும், இணையக் குற்றப் புகார்களுக்கான எஃப்.பி.ஐ.யின் ஐசி3 தளத்திலும் பதியலாம். வேலைக்கான படிவம் என்று சோஷியல் செக்யூரிட்டி எண்ணை (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) கொடுத்திருக்கிறாளா என்றும் கேளுங்கள். கொடுத்திருந்தால் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கிரெடிட் பதிவு நிறுவனங்களிலும், அவள் பெயரில் வேறு யாரும் கடன் வாங்காதபடி கிரெடிட்டை முடக்கி வைக்க வேண்டும், அதற்குக் காசு இல்லை.

கேள்வி: டெலிகிராமில் ஹோட்டல்களுக்கு ரேட்டிங் போடும் பகுதிநேர வேலை. முதலில் 450 ரூபாய் நிஜமாகவே வந்தது. பிறகு ‘ப்ரீபெய்டு டாஸ்க்’ என்று 2,000 கட்டினேன், 2,800 திரும்பி வந்தது. அடுத்தடுத்து கட்டியதில் 1,86,000 மாட்டிக்கொண்டது. "ஸ்கோர் குறைந்துவிட்டது, 50,000 கட்டினால் மொத்தமும் ரிலீஸ்" என்கிறார்கள். குரூப்பில் மற்றவர்கள் எல்லோரும் எடுத்திருக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் ஒருவர் 15,000 கொடுத்தால் மீட்டுத் தருவேன் என்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது. (வாசகர், திருப்பூர்)

பதில்: தம்பி, அந்த 50,000-ஐயும் கட்டாதீர்கள், இன்ஸ்டாகிராம்காரருக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். குரூப்பில் "எனக்கு வந்துருச்சு" என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர்கள் அவர்களுடைய ஆட்கள்தான். ஆப்பில் தெரிகிற உங்கள் ‘வாலட்’ தொகை அவர்களாகத் தட்டிய எண். 450-உம் 2,800-உம் தூண்டிலில் மாட்டிய புழு. மீட்டுத் தருகிறேன் என்று வருகிறவன் இரண்டாவது சுற்று, ஏமாந்தவர்களின் பட்டியலை அவர்களுக்குள்ளேயே விற்றுக்கொள்வதும் உண்டு.

இப்போதே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள். லைன் பிஸி என்றால் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதியுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். ஒவ்வொரு பரிமாற்றத்தின் தேதி, தொகை, 12 இலக்க யுபிஐ எண், யாருக்குப் போனது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிட்டால் தடுமாற மாட்டீர்கள். டெலிகிராமில் எதிராளி தன் பக்கமிருந்தே உங்கள் போனில் இருக்கும் பேச்சையும் அழித்துவிட முடியும், அதனால் சண்டை போடுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட். சத்தம் போடாமல் எடுங்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். பணம் ஒரு கணக்கில் நிற்பதில்லை, சில மணி நேரத்தில் நாலைந்து கணக்கு தாண்டி ஏடிஎம்மிலோ கிரிப்டோவிலோ வெளியே போய்விடும். புகார் அதற்கு முன்னால் போனால் மிச்சம் இருப்பதை முடக்குவார்கள், முடக்கியதை வாங்குவதற்குக் கோர்ட் உத்தரவு தேவைப்படலாம். நிறைய பேர் 3 வேலை நாளுக்குள் புகார் சொன்னால் நஷ்டம் நம் தலையில் விழாது என்ற ரிசர்வ் வங்கி விதியைச் சொல்லி பேங்கோடு மல்லுக்கட்டுகிறார்கள். அது உங்களுக்குத் தெரியாமல் நடந்த பரிமாற்றத்துக்கு. நாமே பின் போட்டு அனுப்பியதற்கு அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது, கசப்பான விஷயம்தான்.

வீட்டில் சொல்லிவிடுங்கள். மறைக்கிற வரைக்கும் 50,000-ஐக் கடன் வாங்கிக் கட்டி எல்லாவற்றையும் மீட்டுவிடலாம் என்ற ஆசை போகாது. எனக்கு இதில் அந்த 1,86,000-ஐவிட அடுத்த 50,000-தான் பயம்.

கேள்வி: டேட்டா என்ட்ரி வேலை எடுத்தேன். குழந்தையை வைத்துக்கொண்டு ஐந்து நாளில் முடிக்க முடியவில்லை. இப்போது வக்கீல் பெயரில் வாட்ஸ்அப்பில் நோட்டீஸ், ஒப்பந்தத்தை மீறியதற்காக 6,500 கட்டாவிட்டால் போலீஸ் வரும் என்கிறார்கள். ஆதார் நகல் அவர்களிடம் இருக்கிறது. (வாசகி, மதுரை)

பதில்: கட்டாதீர்கள். இந்தத் தொழிலின் வருமானமே டேட்டாவில் இல்லை, அந்த 6,500-இல்தான். நீங்கள் முடித்திருந்தாலும் "அக்யூரசி 90 சதவீதத்துக்குக் கீழே" என்று இதே நோட்டீஸ் வந்திருக்கும். வேலையை முடிக்கவில்லை என்பது அதிகபட்சம் சிவில் விவகாரம், அதற்குப் போலீஸ் கைது செய்ய வராது. எந்த நீதிமன்றமும் சம்மனோடு க்யூஆர் கோடு அனுப்பி இன்று மாலை 5 மணிக்குள் ஸ்கேன் செய் என்று சொல்லாது. ஒரே ஒரு பதில் அனுப்புங்கள், "எதுவானாலும் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று. பிறகு பிளாக். எண்களைச் சேமித்து 1930-லும், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் மோசடி அழைப்புகளைப் புகார் செய்யும் சக்ஷு பகுதியிலும் கொடுத்துவிடுங்கள். ஆதாருக்கு அதன் அதிகாரப்பூர்வ ஆப்பில் பயோமெட்ரிக் பூட்டு (கைரேகை, கண் பதிவை யாரும் பயன்படுத்தாதபடி) போடலாம், சிபில் அறிக்கையில் தெரியாத கடன் ஏதாவது முளைக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நண்பன் மூலமாக ஒரு கம்பெனி, என் சேவிங்ஸ் அக்கவுன்ட்டை மாதம் 10,000-க்கு வாடகைக்குக் கேட்கிறது. சும்மா கிடக்கிற கணக்குதானே? (கல்லூரி மாணவர், சேலம்)

பதில்: மேலே திருப்பூர்க்காரருடைய பணம் தாண்டிப் போகிறதே நாலைந்து கணக்கு, அதில் ஒன்றாக உங்களுடையதைக் கேட்கிறார்கள். வேறு மாநிலத்துப் போலீஸ் தேடி வரும்போது அங்கே இருக்கப்போவது உங்கள் பெயரும் உங்கள் பான் எண்ணும்தான். ஏடிஎம் கார்டையோ சிம்மையோ ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே கிளைக்குப் போய் கணக்கை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நண்பனையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவன் கணக்கும் இந்நேரம் வாடகைக்குப் போயிருக்கும்.