அரசு அரங்கு தனியார் கைக்குப் போனால்: ஒரு கொட்டான் குழுவுக்குப் பதில்

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் கொட்டான் என்ற பனையோலைக் கூடை முடையும் பெண்கள் குழு ஒன்றை நடத்துகிறேன். பதினாறு பேர் இருக்கிறோம். ஏற்றுமதி கவுன்சில் மூலமாக இரண்டு முறை ஃபிராங்க்ஃபர்ட்டில் அம்பியன்டே கண்காட்சிக்குப் போய், இந்திய அரங்கில் ஸ்டால் போட்டோம். வரும் கண்காட்சிக்கு அந்த அரங்கை ஒரு தனியார் நிறுவனம் எடுத்து நடத்தப் போகிறது என்று மெயில் வந்திருக்கிறது. 9 சதுர மீட்டருக்கு, நாங்கள் முன்பு கட்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறார்கள். பாதிப் பணத்தைப் பதினைந்து நாளுக்குள் கட்ட வேண்டுமாம். கட்டலாமா, விட்டுவிடலாமா? பழையபடி மானியம் கிடைக்குமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். வேண்டாம் என்றும் எழுதிவிடாதீர்கள். பதினைந்து நாள் இருக்கிறதே, கேட்க வேண்டியதைக் கேட்டுப் பதில் வாங்க அது போதும். பதினாறு பேர் ஓலை கிழித்துச் சாயம் ஏற்றி முடைந்து சேர்த்த பணம் இது. அவசரப்படுத்துகிறார்கள் என்பதற்காக அதை அனுப்ப வேண்டியதில்லை.

‘தனியார்’ என்ற சொல்லைப் பார்த்ததும் நீங்கள் கலங்கியிருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. உலகத்தில் பல நாடுகள் இந்த வழியில் முன்பே போயிருக்கின்றன. வெளிநாட்டுக் கண்காட்சிகளில் தானே அரங்கு நடத்திவந்த அமெரிக்க வணிகத் துறை, 1980களிலிருந்து அந்த வேலையைத் தனியார் அமைப்பாளர்களிடம் விட ஆரம்பித்தது. அமைப்பாளரின் அனுபவத்தையும் திட்டத்தையும் பார்த்துச் சான்று கொடுப்பதோடு துறை நின்றுகொள்கிறது. இடம் பிடிப்பது, ஆள் சேர்ப்பது, பணம் வாங்குவது எல்லாம் அமைப்பாளர் பாடு. ஜெர்மனியிலும் வெளிநாட்டுக் கண்காட்சித் திட்டத்துக்கு அரசாங்கம்தான் பணம் போடுகிறது, ஆனால் அரங்கைக் கட்டி நடத்துவது அதற்கென்று அமர்த்தப்படும் நிறுவனங்கள். அரசு ஆட்கள் கூரை வாடகை, மின்சாரம், கம்பளம் என்று அலைவதைவிட இதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் நன்றாகச் செய்வார்கள் என்பதுதான் அங்கெல்லாம் சொல்லப்படும் நியாயம். அதில் உண்மை இருக்கிறது. நல்ல தனியார் அரங்குகளை நானே பார்த்திருக்கிறேன். வாங்க வருகிறவர்களை முன்கூட்டியே அழைத்து, யார் எந்த ஸ்டாலுக்கு எப்போது வருவார் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள்.

ஆனால் அந்த நாடுகளில் அரசு முழுவதுமாகக் கையைக் கழுவிவிடவில்லை. சான்று கொடுப்பதும் பணம் போடுவதும் அதன் கையில் இருக்கின்றன. உங்கள் விஷயத்தில் முதலில் பிடிபட வேண்டியது இதுதான். கவுன்சில் அந்த அரங்கை இந்த நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கிறதா, அல்லது கவுன்சில் இந்த முறை போகவே இல்லை என்பதால் அந்தக் காலி இடத்தில் இவர்கள் தாமாக ‘இந்திய அரங்கு’ என்று பலகை மாட்டுகிறார்களா? இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். முதலாவதில் ஏதாவது தவறு நடந்தால் கவுன்சில் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாவதில் அந்த நிறுவனத்தையும் உங்களையும் தவிர யாரும் இல்லை.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவிலும் பினாங்கில் பினாங்குத் தெருவிலும் நகரத்தார் வட்டித் தொழிலுக்கு வைத்திருந்த கிட்டங்கிகளைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரே நீளக் கூடம், வரிசையாகத் தரையோடு சின்ன மரப்பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஒரு ஆள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு தனிக் கடை. கூடம் பொது, சமையல் பொது, வாடகையில் பங்கு உண்டு. கண்காட்சி அரங்கும் அதே ஏற்பாடுதான். அங்கே ஒருவரை ஒருவர் ஊர், கோயில், வட்டகை சொல்லி அறிந்திருந்ததால் பல விஷயங்கள் வாய்ச்சொல்லிலேயே நடந்தன. கவுன்சில் இருந்தவரை உங்களுக்கும் அப்படி ஒரு தெம்பு இருந்தது. இப்போது எதிரில் இருப்பவரை உங்களுக்குத் தெரியாது. அந்த அறிமுகத்தின் இடத்தில் எழுத்து வந்து உட்கார வேண்டும்.

மானியத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பலர் ஏமாறும் இடம் இது. சந்தை அணுகல் உதவித் திட்டத்தில் பணம், வணிகத் துறை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிக்கு, ஒப்புக்கொண்ட அமைப்பின் வழியாக வந்தது. நீங்கள் முன்பு குறைவாகக் கட்டியது ஃபிராங்க்ஃபர்ட்டில் இடம் மலிவு என்பதால் அல்ல. மீதியை அந்தத் திட்டம் தாங்கியது. எனவே ‘இரண்டு மடங்கு’ என்பதை வைத்து மட்டும் இவர்கள் கொள்ளையடிக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட முடியாது. அதே சமயம், ‘மானியம் வாங்கித் தருகிறோம்’ என்று அவர்கள் வாயால் சொன்னால் நம்பவும் கூடாது. 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை 25,060 கோடி ரூபாயில் ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பழைய சந்தை உதவித் திட்டமும் அதற்குள் போய்விட்டது. அதனால் போன முறை கிடைத்த அதே விதி இந்த முறையும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஆர்சிஎம்சி (கவுன்சிலின் பதிவு, உறுப்பினர் சான்று) எண்ணைப் போட்டுக் கவுன்சிலுக்கு ஒரு மெயில் எழுதுங்கள். இந்த நிகழ்ச்சி இந்த ஆண்டு ஒப்புதல் பட்டியலில் இருக்கிறதா, இந்த அமைப்பாளர் வழியாகப் போனால் ஸ்டால் கட்டணத்துக்கும் விமானக் கட்டணத்துக்கும் உதவி உண்டா என்று இரண்டே கேள்வி. பதில் எழுத்தில் வர வேண்டும். சிறுதொழில் அமைச்சகத்தின் சர்வதேச ஒத்துழைப்புத் திட்டம் என்று இன்னொரு கதவும் இருக்கிறது. அதற்கும் தொழில் சங்கம் போன்ற அமைப்பு மூலமாக முன்கூட்டியே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். போய் வந்த பிறகு பில்லை நீட்டினால் எந்தக் கதவும் திறக்காது.

அடுத்து இடம். இங்கேதான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். கண்காட்சியின் சொந்தக்காரர் மெஸ்ஸே ஃபிராங்க்ஃபர்ட். அந்த நிறுவனத்தில் 60 சதவீதம் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துக்கும் 40 சதவீதம் ஹெஸ்ஸன் மாநிலத்துக்கும் சொந்தம், மும்பையில் அதற்கு இந்தியக் கிளை இருக்கிறது. உங்களுக்கு மெயில் அனுப்பியவர் அங்கே உண்மையிலேயே இடம் பதிவு செய்திருக்கிறாரா என்று அந்தக் கிளைக்கே எழுதிக் கேளுங்கள். எந்த ஹால், எந்த எண், எத்தனை சதுர மீட்டர் என்று கேளுங்கள். அமைப்பாளரிடம் ஹாலின் தரைப்படத்தை வாங்கி, உங்கள் ஸ்டாலை அதில் பேனாவால் வட்டம் போட்டுத் தரச் சொல்லுங்கள். கைவினைப் பொருள் வாங்க வருகிறவர் நடக்கும் ஹாலில் உங்கள் கொட்டான் இருக்க வேண்டும். வேறு ஹாலில் ஒரு மூலையில் இருந்தால் கண்காட்சி முடியும் வரை கொட்டானைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஒன்று சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு வெளிநாட்டுக் கண்காட்சிக்குச் சில சிறு ஏற்றுமதியாளர்களை நான் அழைத்துப் போனேன். அமைப்பாளர் 36 சதுர மீட்டரை ஒரே பெயரில், தன் பெயரில், எடுத்து நாலாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். ஸ்டால் இருந்தது, மேசை இருந்தது, விளக்கு எரிந்தது. ஆனால் கண்காட்சியின் அதிகாரபூர்வப் பட்டியலில் எங்கள் நாலு பேரின் பெயரும் இல்லை. ஒரு டச்சுக்கார அம்மாள் மூன்றாம் நாள் சாயங்காலம் வந்து சேர்ந்தார். கையில் எங்கள் விசிட்டிங் கார்டு, கார்டின் பின்பக்கம் நிறைய ஹால் எண்கள் எழுதி அடித்திருந்தன. ‘உங்கள் பெயரைத் தேடினேன், கிடைக்கவே இல்லை’ என்றார். அவர் வந்துவிட்டார். வராமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ. துணைக் காட்சியாளர் என்று ஒவ்வொருவரையும் தனியாகப் பதிவு செய்யும் கட்டணத்தை அமைப்பாளர் மிச்சம் பிடித்திருக்கிறார் என்பது ஊருக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அன்றிலிருந்து ‘பட்டியலில் என் நிறுவனத்தின் பெயர் தனியாக வருமா’ என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் நான் யாரையும் அட்வான்ஸ் கட்ட விட்டதில்லை. விசாவுக்கும் அது உதவும். கண்காட்சி உங்கள் பெயரில் தரும் உறுதிக் கடிதத்துக்குத் தூதரகத்தில் மதிப்பு அதிகம்.

ரத்து பற்றியும் எழுதி வாங்குங்கள். கொரோனா காலத்தில் 2021, 2022 இரண்டு ஆண்டும் அம்பியன்டே நேரடியாக நடக்கவில்லை. அப்படி ஏதாவது வந்தால் பணம் திரும்ப வருமா, அடுத்த ஆண்டுக்கு மாற்றுவார்களா, எத்தனை நாளில் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். விசா கிடைக்காமல் போனால் என்ன என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பாதிப் பணம் இப்போதே என்பது எனக்குச் சம்மதமில்லை. இடம் உறுதி என்று காட்டும் காகிதத்தோடு ஒரு சிறு தொகை, பட்டியலில் பெயர் வந்ததும் ஒரு பகுதி, மீதி கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்பு என்று கேட்டுப் பாருங்கள். முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கொஞ்சம் இறங்கி வருவார்கள்.

கோட்டேஷனை வரி வரியாகப் படியுங்கள். வெளிநாட்டில் நடக்கும் வணிகக் கண்காட்சிக்கு அமைப்பாளர் தரும் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, அதனால் மேலே ஜிஎஸ்டி போட்டிருந்தால் எதற்கு என்று கேளுங்கள். வேறு சேவைக்கு வரி போட்டிருந்து, உங்கள் குழுவுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்து, எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யத் தரும் உறுதிமொழி) கொடுத்து ஏற்றுமதி செய்கிறீர்கள் என்றால் அந்த வரியை ரீஃபண்ட் கேட்கலாம். அதற்கு இன்வாய்ஸில் உங்கள் ஜிஎஸ்டி எண் சரியாக இருக்க வேண்டும். பதிவு இல்லையென்றால் அது முழுச் செலவு. மூலை ஸ்டாலுக்குக் கூடுதல், விளம்பரக் கட்டணம், கூடுதல் அலமாரி, மின் இணைப்பு என்று பின்னால் வருவதையெல்லாம் இப்போதே ஒரே தொகையாகச் சொல்லச் சொல்லுங்கள். சரக்கு அனுப்பவும் அவர்களே ஏற்பாடு என்றால், அங்கே ஸ்டால் வரை தூக்கி வைக்கும் கூலி அதில் சேர்ந்ததா என்று கேட்க மறக்காதீர்கள். ஏடிஏ கார்னெட் எடுக்கச் சொல்வார்கள். காட்சிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் பொருளுக்குச் சுங்கவரி இல்லாமல் போய் வர அது நல்ல வசதி, இந்தியாவில் ஃபிக்கி கொடுக்கிறது. ஆனால் அதற்கு ஈட்டுத்தொகை கட்ட வேண்டும், நாற்பது ஐம்பது கொட்டானுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. மாதிரிகளாக, விலைப்பட்டியலோடு, சுங்கத்தில் சொல்லிக் கொண்டுபோங்கள். அங்கே வருகிறவர்கள் வியாபாரிகள், ஸ்டாலில் சில்லறை விற்பனை கிடையாது. ஓலைக்கு ஈரம் ஆகாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; ஒவ்வொரு பெட்டியிலும் சிலிகா ஜெல் பை போட்டுக் கட்டுங்கள்.

இன்னொன்று. உங்கள் பெயர் பட்டியலில் வந்த பிறகு ‘காட்சியாளர் கையேட்டில் விவரம் சரிபார்க்கவும்’ என்று ஒரு படிவம் வரும். இலவசம் போலத் தெரியும். கீழே பொடி எழுத்தில், கையெழுத்துப் போட்டால் மூன்று வருடத்துக்கு யூரோவில் கட்டணம் என்று இருக்கும். கண்காட்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. இப்படிப்பட்ட மோசடி பல வருடமாக உலகம் முழுக்க நடக்கிறது. கையெழுத்துப் போடாதீர்கள்.

இத்தனையும் கேட்டு, பதில் சரியாக வராவிட்டால்? இந்த ஒரு முறை ஸ்டால் போடாமல், இரண்டு பேர் மட்டும் பார்வையாளராகப் போங்கள். பழைய வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே எழுதி, ஒரு கைப்பையில் ஆறு கொட்டானோடு அவர்களைச் சந்திக்கலாம். அல்லது அந்தப் பணத்தில் கைவினைப் பொருள் ஏற்றுமதி கவுன்சில் கிரேட்டர் நொய்டாவில் வருடம் இரண்டு முறை நடத்தும் டெல்லி கண்காட்சிக்குப் போங்கள். வெளிநாட்டு வியாபாரிகள் அங்கேயே வருகிறார்கள், விசாவும் வேண்டாம். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. எங்கே போனாலும் அதை ஸ்டால் முகப்பில் பெரிதாக எழுதி வையுங்கள். ஓலை ஈர்க்கு தெரிய, பாதி முடைந்த கொட்டான் ஒன்றையும் மேசையில் வையுங்கள். முடிந்தால் உங்களில் ஒருவர் அங்கேயே உட்கார்ந்து முடையட்டும். கடந்து போகிறவர் நிற்பார்.

கவுன்சிலுக்கும் மும்பைக் கிளைக்கும் இன்றைக்கே மெயில் அனுப்பிவிடுங்கள். அமைப்பாளரிடமிருந்து தரைப்படமும் ஒப்பந்தப் படிவமும் வந்ததும், பணம் கட்டுவதற்கு முன், எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.